அன்று நான் பதில் பேசவில்லை

போன வருஷம் ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது இது.

எங்கள் வீடு கட்டியபோது தெருவைவிட உயரமாகத்தான் இருந்ததாம். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, இப்போது வாசலிலிருந்து நான்கு படி இறங்கித்தான் கூடத்துக்கு வர வேண்டும். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தால், "பாதாளத்துல குடியிருக்கீங்களே" என்று சொல்லாமல் போவதில்லை. அந்தப் பாதாளத்தில்தான் என் மகளின் மீன் தொட்டியும் இருக்கிறது. கோயம்புத்தூர் ஹாஸ்டலில் சேர்ந்தபோது நான்கு தங்கமீன்களையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனாள்.

மீனுக்குத் தீனி போடுவது பெரிய விஷயமில்லை. தண்ணீர் மாற்றுவதுதான் பாடு. மற்ற வீடுகளில் டியூபைப் போட்டு உறிஞ்சிவிட்டால் தண்ணீர் தானாக வெளியே ஓடிவிடும். எங்கள் வீட்டில் அது மேலே ஏற வேண்டுமே. பக்கெட் பக்கெட்டாகத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் ஊற்றுவேன். எதிரே இஸ்திரி வண்டி போட்டிருக்கும் பெரியவருக்கு அதுதான் பேஜார். தண்ணீர் வண்டிக்கடியில் ஓடிக் கரி மூட்டையை நனைக்கிறது என்பார். "தெரு என்ன உங்க பேர்லயா எழுதியிருக்கு?" என்று நான் கேட்பேன். அவர் ஒன்று சொன்னால் நான் ஒன்பது சொல்வேன். நான்கு வருஷமாக இதே கதைதான். அந்தக் கோபத்தில் எங்கள் வீட்டுத் துணியை இரண்டு தெரு தள்ளிப் போய் இஸ்திரிக்குக் கொடுத்துவந்தேன்.

அன்றைக்கு முட்டி வலி தாங்கவில்லை. பழைய ஏர்கூலரிலிருந்து கழற்றிய சின்ன மோட்டார் ஒன்று பரணில் கிடந்தது. துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் கணவர், "நான் வந்து மாட்டித் தரேன், நீ தொடாத" என்று பத்து தடவை சொல்லியிருந்தார். கேட்கிற ஆளா நான்? மோட்டாரின் வயர் சுவிட்ச் வரைக்கும் எட்டவில்லை. வேறொரு வயரை முறுக்கிச் சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றினேன். மீன்களைப் பக்கெட்டுக்கு மாற்றிவிட்டு, மோட்டாரைத் தொட்டிக்குள் இறக்கி, நீள டியூபைப் படி வழியாகத் தெருக் கால்வாய் வரை விட்டுச் சுவிட்சைப் போட்டேன். தண்ணீர் சமர்த்தாக மேலேறிப் போயிற்று. எனக்கு ஒரே பெருமை.

தொட்டி பாதி காலியாகும்போது மேலே டியூப் நழுவிவிட்டது போலிருக்கிறது. "யம்மா, தண்ணி வண்டிக்கு அடியில வருது பாரு" என்று வழக்கமான குரல் வந்தது. பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், டேப் சுற்றிய இடம் தொட்டிக்குள் சரிந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. யோசிக்காமல் எட்டிப் பிடித்துத் தூக்கினேன். வெறுங்கால், ஈரத் தரை.

கை வயரோடு மூடிக்கொண்டது. திறக்க முடியவில்லை. உடம்பு உதறுகிறது, கத்தப் பார்க்கிறேன், சத்தம் வரவில்லை. மகள் முகம் வந்தது. இப்படியா போகப் போகிறோம் என்று நினைத்தேன். மேலே அவர் மறுபடி கூப்பிட்டது எங்கோ தூரத்தில் கேட்டது.

அப்புறம் பார்த்தால் நான் தரையில் கிடக்கிறேன், அவர் பக்கத்தில் நிற்கிறார். படியிலிருந்தே என் நிலையைப் பார்த்துவிட்டு, என்னைத் தொடாமல் நேராக வாசல் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்திருக்கிறார். என் கண்ணில் முதலில் பட்டது அவர் காலிலிருந்த ரப்பர் செருப்பு. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. போன உயிர் திரும்பியதும் என் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு, "செருப்போடவா உள்ள வந்தீங்க?"

"கயட்டிட்டு வந்திருந்தா நானும் உன் பக்கத்துலயே உயுந்து கெடந்திருப்பேன்மா" என்றார்.

பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, ஆட்டோ பிடித்து என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதும் அவர்தான். இதயத்துக்கு ஒன்றுமில்லை, உள்ளங்கையில் தீக்காயம்தான் என்றார்கள். சாயங்காலம் திரும்பி வந்தால், தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரை அவரே சுமந்து கால்வாயில் கொட்டியிருந்தார். பூனை வந்துவிடுமென்று மீன் பக்கெட்டைப் பலகை போட்டு மூடியும் வைத்திருந்தார். ஓடிவந்த அவசரத்தில் இஸ்திரிப் பெட்டியைத் துணி மேலிருந்து எடுத்து வைக்கவில்லை, யாருடைய சட்டையோ தீய்ந்துபோயிருந்தது. அதற்கும் அவர்தான் திட்டு வாங்கினார்.

மறுநாள் கட்டுப் போட்ட கையோடு படியேறிப் போனேன். உள்ளே இப்படி ஆனது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"ரெண்டு வாட்டி கொரல் வுட்டேன், பதிலே இல்ல. நீ பதில் பேசாம இருக்கற ஆளா? இன்னாவோ ஆயிடுச்சுன்னு ஓடியாந்தேன்" என்றார், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நடுத்தெருவில் நின்று அழுதுவிட்டேன். என் வாய்க்கொழுப்பைப் பற்றி மாமியார் வீட்டில் பேசாதவர்கள் இல்லை. அது ஒரு நிமிஷம் நின்றுபோனதைக் கவனித்தவர் இவர் ஒருவர்தான். நன்றி சொல்லப் போனபோதுதான் எனக்கு உறைத்தது, நான்கு வருஷம் சண்டை போட்ட மனிதரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. கூச்சத்தோடு கேட்டேன், சொன்னார்.

அந்த மோட்டாரைக் கணவர் காயலான் கடையில் போட்டுவிட்டார். நான் மறுபடி பக்கெட்டுக்கே வந்துவிட்டேன், ஆனால் கால்வாய் வரை நடந்துபோய்த்தான் ஊற்றுகிறேன். வழியில் கொஞ்சம் சிந்தினாலும் அவர் சத்தம் போடுவார், நானும் சும்மா விடுவதில்லை. சண்டை முடிந்து படியிறங்கும்போதெல்லாம் ஒன்று நினைத்துக்கொள்வேன்: இன்றைக்கு நான் வாயாடுகிற ஒவ்வொரு பேச்சும் அவர் எனக்குத் திருப்பிக் கொடுத்தது.