மாமனாரின் மூங்கில் கொட்டம்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆட்டையாம்பட்டிப் பக்கமிருந்து நாமகிரிப்பேட்டைக்கு அருகே ஒரு தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். என்னோடு சீராக ஓர் எருமைக் கிடேரியும் வந்தது. நான் வந்ததைவிட அது வந்ததில்தான் மாமனாருக்குப் பூரிப்பு.

வந்த மாதமே, கால்நடை முகாமில் வாங்கிய வயிற்றுப்பூச்சி மருந்தை, மூங்கில் குழாயைச் சீவிச் செய்த கொட்டத்தில் நிரப்பிக் கிடேரியின் வாயில் ஊற்றினார். மறுநாள் சாணத்தில் புழுக்கள் நெளிந்தன. தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி, பக்கத்துத் தோட்டத்தாரையெல்லாம் கூட்டி வந்து காட்டினார். அன்று பிடித்தது சனி. அமாவாசைக்கு அமாவாசை மருந்து என்றாகிவிட்டது. அடுத்த முறை சாணத்தில் ஒன்றையும் காணோம். வேறு யாராயிருந்தாலும் புழு தீர்ந்துவிட்டது என்று நினைப்பார்கள். இவர், மருந்து போதவில்லை என்று அளவைக் கூட்டினார்.

கடாவுக்கு விட்டு வந்தால் இன்னும் மோசம். "உள்ள சுத்தமா இருந்தாத்தான் சினை தங்கும்" என்று அடுத்த வாரமே ஒரு கொட்டம் ஊற்றுவார். எருமை தீனி தொடாமல் கழிந்துகொண்டே நிற்கும். கொஞ்ச நாளில் பழையபடி கடாவுக்குக் கத்தும். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது.

எனக்கும் அதுவரை ஒன்றும் தங்கவில்லை. மாமியாருக்குப் பேசுவது சுலபமாகிவிட்டது. "அந்த ஊட்டுல இருந்து வந்தது ரெண்டும் ஒரே மாதிரி" என்பார், கட்டுத்தறியைப் பார்த்து. காதில் விழ வேண்டியவள் நான். கடைசியில் எருமையைச் சந்தைக்கு ஓட்டிவிடுவது என்று முடிவானது. அதற்கப்புறம் என் முறைதானோ என்று எனக்குப் பயமாகவே இருந்தது.

விற்கும் முன் சினை பார்க்க வந்த மாட்டு டாக்டர், கூரை எறவாணத்தில் செருகியிருந்த கொட்டத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தார்.

"ஏனுங்க, சினை நின்ன புதுசுல திரும்பத் திரும்ப இந்த மருந்த ஊத்துனா எப்படீங்க தங்கும்? நீங்களே கலைச்சுப்போட்டு எருமையக் குத்தஞ் சொல்றீங்களே!"

அவர் தலை மறைந்ததும் மாமனார், "சின்னப் பையன், அவனுக்கென்ன தெரியும்" என்று முடித்துவிட்டார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. அன்றே அண்ணனுக்குச் சொல்லியனுப்பி, எருமையைப் பிறந்த வீட்டுக்கு ஓட்டிவிட்டேன். அங்கே அதை யாரும் சுத்தப்படுத்தவில்லை. சோளத்தட்டைப் போட்டார்கள், தண்ணி காட்டினார்கள், அவ்வளவுதான். அடுத்த வருஷம் கன்றோடு திரும்பி வந்தது.

மாமனார் அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தார். கன்றைத் தடவிக்கொடுத்தார்.

"பாத்தியா அம்மிணி, நான் அன்னைக்கு ஊத்துன மருந்து இப்பத்தான் வேலை செஞ்சிருக்குது. உனக்கும் ஒரு பேதி மருந்து குடுத்தா எல்லாஞ் செரியாப் போயிரும்."

எனக்கு நாள் தள்ளியிருந்தது. யாரிடமும் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

அவர் எறவாணத்தில் கைவிட்டுத் துழாவினார். "ஏனம்மிணி, கொட்டத்தக் காணோம்?"

"இப்ப நீங்க குளிச்ச வெந்நி அந்த வெறகுலதானுங்க மாமா காஞ்சுது" என்றேன்.