மேசைக்கு அடியில் காட்டச் சொன்னார்கள்

அரங்கனை நம்பிக் காலம் தள்ளுகிற உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். என் பெயர் அலமேலு. வயது நாற்பத்து நான்கு. ஸ்ரீரங்கத்தில் மேலூர் சாலையில் குடியிருக்கிறேன். மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ் மில்லில் நெல்லின் தரம் பார்க்கிற வேலை. இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவள் இப்போது எழுதுகிறேன் என்றால், எழுதாமல் இருப்பது அதைவிடக் கஷ்டமாகிவிட்டது என்று அர்த்தம்.

போன மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மில்லில் மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது போனில் மெயில் வந்தது. நான் ஆன்லைனில் பி.ஏ. பொருளாதாரம் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்தது. புள்ளியியல் தேர்வில் நான் முறைகேடு செய்ததாகச் சந்தேகம், விசாரணை முடியும் வரை ரிசல்ட் கிடையாது என்று போட்டிருந்தார்கள். தேர்வு நேரம் முழுக்க என் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தனவாம். அறையில் யாரோ ஒளிந்திருந்து எனக்குப் பதில் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டுமாம்.

சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தேன். பரீட்சையில் நான் யாரோடும் பேசவில்லை. பெருமாள் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்ரீரங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. கோலம் போட்டாலும், பஸ்ஸுக்கு நின்றாலும், சாம்பிள் நெல்லை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தாலும் ‘ரங்கா, ரங்கா’ என்று சத்தம் வராமல் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் இப்படித்தான். அதை ஒரு கேமரா பார்த்துக் குற்றம் என்று எழுதி வைக்கும் என்று எங்களில் யாருக்குத் தோன்றும்? பெருமாளைக் கூப்பிட்டதே என்னை மாட்டிவிட்டது.

என் வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறார். சாயங்காலம் மெயிலைக் காட்டினேன்.

“நீதான் தப்பு பண்ணலையே, அப்புறம் எதுக்கு இப்படிப் பயப்படுற?” என்றார்.

அவருக்குத் தெரியாது. இருபத்தோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவரிடம் நான் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. அதைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் உங்களுக்குப் புரியும்.

அப்போது எனக்கு இருபது வயது. திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கும் புள்ளியியல் பரீட்சைதான். எனக்கு முன் பெஞ்சில் கோமதி. உப்பிலியபுரத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். என்னைவிடக் கெட்டிக்காரி, எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். நான் சோம்பேறி. பொடி எழுத்தில் ஜெராக்ஸ் எடுத்த பிட்டு ஒன்றைக் கைக்குட்டையில் மடித்து வைத்திருந்தேன். பறக்கும் படை உள்ளே வந்தது. கைக்குட்டையை மறைக்கப் போனேன், பிட்டு கீழே விழுந்துவிட்டது. அது வரைக்கும் பயம் என்று சொல்லலாம். அதற்குப் பிறகு நான் செய்ததற்குப் பயம் என்று பெயர் இல்லை. காலால் அதை முன்னால் தள்ளினேன். கோமதியின் செருப்புக்கு அடியில் போய் நின்றது.

“யாரோடதும்மா இது?” என்று படையோடு வந்த ஒரு அம்மாள் குனிந்து எடுத்தார். கோமதி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். என்ன எழுதினேன் என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

அவளை மூன்று வருஷம் பரீட்சை எழுத விடாமல் டிபார் செய்தார்கள். அவள் அப்பா வந்து டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மகளிடம் ஒரு வார்த்தை பேசாமல் முன்னால் நடந்து போனதை ஹாஸ்டல் வாசலில் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு என்னால் எந்தப் பரீட்சை ஹாலிலும் உட்கார முடியவில்லை. முன் பெஞ்சில் யார் உட்கார்ந்தாலும் இப்போது திரும்புவாள், இப்போது திரும்புவாள் என்றே இருக்கும். மூன்றாம் வருஷம் போகவில்லை. படிப்பு ஏறவில்லை என்று வீட்டில் சொன்னேன். கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள்.

அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாமல் இல்லை. எங்கள் மில்லுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் நெல் வரும். லாரிச் சீட்டில் உப்பிலியபுரம் என்று எழுதியிருந்தால் அந்த லோடை வேறு யாரையாவது பார்க்கச் சொல்லிவிடுவேன். மூட்டையைப் பிரித்தால் நெல்தான் இருக்கும். ஆனாலும் என்னால் கை வைக்க முடியாது.

அப்படிப்பட்ட நான் மறுபடி படிக்கப் போனதற்கு ஆசை காரணம் இல்லை. மில்லில் வெளிநாட்டுக்கு அரிசி அனுப்ப ஆரம்பித்தார்கள். தரத்துக்குப் பொறுப்பாகக் கையெழுத்துப் போடுகிறவர் பட்டதாரியாக இருக்க வேண்டும் என்று புது விதி வந்தது. முதலாளி நல்ல மனிதர். “அலமேலும்மா, மூணு வருஷம் டயம் தரேன். ஒரு டிகிரி வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா வெளியிலேருந்துதான் ஆள் எடுக்கணும்” என்றார். பதினேழு வருஷம் நான் செய்த வேலையை, நேற்று வந்த ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு அவருக்குக் கீழே நிற்க வேண்டும். ரோஷம் வந்தது. சேர்ந்துவிட்டேன்.

டோல்கேட்டில் பஸ் மாறுகிற நேரத்தில் வீடியோ பாடம். சாப்பாட்டு வேளையில் சாம்பிள் அறையில் நோட்ஸ். சமையல் கட்டில் காதில் மாட்டிக்கொண்டு விரிவுரை கேட்டேன். ரசத்துக்கு உப்புப் போட்டேனா என்பது பல நாள் எனக்கே தெரியாது. வீட்டுக்காரர் குறை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார். படிப்பு பயமுறுத்தவில்லை. பரீட்சைதான் பயமுறுத்தியது.

ஆன்லைன் பரீட்சை தொடங்கும் முன், லேப்டாப்பைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வார்கள். நாலு சுவரும் காட்டினேன். அடுத்து திரையில் ஒரு வரி வந்தது. மேசைக்கு அடியில் காட்டவும். என் கை அப்படியே நின்றுவிட்டது. அங்கே ஒன்றும் இல்லை. காலையில் நானே பெருக்கித் துடைத்த தரை. ஆனால் அங்கே ஒரு காகிதம் மடிந்து கிடக்கிறது என்று என் உடம்பு நம்பியது. மூன்று தடவை சொன்ன பிறகுதான் காட்டினேன். திரை மூலையில் சின்னக் கட்டத்தில் என் முகம் தெரிந்துகொண்டே இருக்கும். என் தோளுக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்திருப்பது போலவே எனக்குத் தோன்றும். ஒவ்வொரு பரீட்சையிலும் அப்படித்தான். அதனால்தான் வாய் ஓயாமல் ‘ரங்கா, ரங்கா’ என்று சொன்னேன். பக்தி என்று நினைத்துவிடாதீர்கள், பயம்.

மெயில் வந்த வாரம் நான் தூங்கவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை. முறைகேடு உறுதியானால் படிப்பு ரத்து, வேலை போகும், மில்லில் தலை நிமிர முடியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாயார் சன்னதிக்குப் போனேன். நல்ல கூட்டம். முறையிடத்தான் போனேன், சண்டை போடுகிற மாதிரித்தான் நின்றேன். ‘தாயே, நான் தப்புச் செய்யவில்லை’ என்று மனதுக்குள் ஆரம்பித்தேன். அடுத்த வார்த்தை தானாக வந்தது. ‘இந்தத் தடவை.’

அங்கேயே அழுதுவிட்டேன். வரிசையில் பின்னால் நின்ற அம்மா, “நகருங்கோ, பின்னாடி எவ்வளவு பேர் நிக்கறா பாருங்கோ” என்றார். நகர்ந்தேன். கேட்க வந்ததைக் கேட்கவே இல்லை. ‘என்ன செய்யணுமோ செய்ய வை’ என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த புதன்கிழமை வீடியோவில் விசாரணை. மில் சாம்பிள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு பேராசிரியை.

“ரூம்ல யாரும்மா இருந்தாங்க?”

“யாரும் இல்லைங்க மேடம். பெருமாள் பேரைச் சொல்லிக்கிட்டே எழுதினேன். பழக்கங்க.”

பக்கத்தில் இருந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “இதை நாங்க எப்படிங்க ரெக்கார்டுல எழுதுறது?” என்றார். பிறகு படிவத்தைப் பார்த்துக் கடகடவென்று கேட்டார். “இதுக்கு முன்னாடி எந்தத் தேர்விலயாவது முறைகேடு பண்ணியிருக்கீங்களா? இல்லைன்னு போட்டுக்கறேன்.”

‘இல்லை’ என்று தலையாட்டியிருந்தால் போதும். எந்த ரெக்கார்டிலும் என் பெயர் இல்லை. கோமதி பெயர்தான் இருக்கிறது.

“ஆமாங்க, பண்ணியிருக்கேன்” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். குரல் என்னுடையது போலவே இல்லை.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். “அந்தப் பொண்ணுக்கு இது தெரியுமா?” என்றார். “நான் போய்ச் சொல்லலைங்க” என்றேன். “அப்ப எங்ககிட்டச் சொல்லி என்னம்மா பிரயோஜனம்?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது. பிறகு, பாடம் உண்மையிலேயே தெரியுமா என்று பார்க்க, கேள்வி கேட்க ஆரம்பித்தார். திட்டவிலக்கம் என்றால் என்ன என்றார். முன்னால் இருந்த சாம்பிள் தட்டுகளைக் காட்டி, பத்து மூட்டையின் சராசரி ஈரப்பதம் சரியாக இருந்தாலும் ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்க்காவிட்டால் லோடு ஏமாற்றிவிடும் என்று விளக்கினேன். இன்னும் ஐந்து கேள்விகள். ஐந்துக்கும் சொன்னேன். முடிவை மெயிலில் அனுப்புகிறோம் என்றார்கள்.

அன்று வீட்டுக்காரரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். கோமதியைப் பார்க்கப் போகணும் என்றேன். “ஞாயித்துக்கிழமை நானும் வரேன், வா” என்றார். வேண்டாம், தனியாகத்தான் போகணும் என்றேன். மெயில் வருவதற்குள் போய்விட வேண்டும் என்று இருந்தது. நல்ல முடிவு வந்த பிறகு போனால் அது கைமாறு செய்வது போல ஆகிவிடும்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் ஏறினேன். திருவெள்ளறையில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். இறங்கவில்லை. துறையூரில் பஸ் மாறி உப்பிலியபுரம் போனேன். விசாரித்தவுடனே வீட்டைக் காட்டிவிட்டார்கள். வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தவில்லை.

“வா அலமேலு. உக்காரு” என்றாள்.

நான் சொல்லி முடிக்கும் வரை தைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு நூலைக் கடித்து அறுத்தாள்.

“தெரியும். அதான் திரும்பிப் பாத்தேனே. நீ நிமிருவேன்னு பாத்தேன்.”

“நீ சொல்லியிருக்கலாமே கோமதி.”

“யாரு நம்புவா? என் கால்ல தானே கெடந்துச்சு. எங்கப்பாவே நம்பல. பத்து வருஷம் முன்னாடி செத்தாரு. பொண்ணு பிட்டு அடிச்சு மாட்டுனவன்னு நெனச்சுக்கிட்டேதான் போனாரு.” அவள் அழவில்லை. “உள்ள அம்மா இருக்காங்க. அவங்களும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருக்காங்க. போய்ச் சொல்லு. காது மந்தம், சத்தமாச் சொல்லு.”

கட்டிலில் இருந்த அந்த அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். “என்னது?” என்றார்கள். கொஞ்சம் உரக்கச் சொன்னேன். கேட்கவில்லை. கடைசியில் கத்தினேன். “அந்தப் பிட்டு என்னோடதும்மா! நான்தான் காலால தள்ளிவிட்டேன்! கோமதி ஒரு தப்பும் பண்ணல!” தெருவில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனவர் நின்று எட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டில் டி.வி. சத்தம் குறைந்தது.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. கையை நீட்டி மகளைக் கூப்பிட்டார்கள். கோமதி வந்ததும் அவள் முகத்தைத் தடவினார்கள். அப்போதுதான் கோமதி அழுதாள். பிறகு அந்த அம்மா சுவரில் மாலை போட்டிருந்த படத்தைக் காட்டி, “அவருகிட்டயும் சொல்லிடும்மா” என்றார்கள்.

படத்துக்கு முன்னால் நின்று சொன்னேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய எந்தப் பரீட்சையும் அவ்வளவு நீளம் இல்லை.

மறுவாரம் மெயில் வந்தது. முறைகேடு நிரூபணம் ஆகவில்லை, ஆனாலும் தேர்வை மறுபடி எழுத வேண்டும், வாயை அசைக்கக் கூடாது என்றார்கள். பங்குனியில் எழுதினேன். பாஸ். டிகிரி கைக்கு வந்து, லோடுக்கு இப்போது நான்தான் கையெழுத்துப் போடுகிறேன். உப்பிலியபுரம் நெல்லையும் நானே பிரித்துப் பார்க்கிறேன். தாயாருக்குப் புடவை சாற்றினேன். நான் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டதைத் தந்தாள். கேட்கவே பயந்ததையும் செய்ய வைத்தாள். இந்த நன்றியை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கோமதி மன்னித்தாளா என்று கேட்பீர்கள். அந்த வார்த்தையை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சில நாள் போன் செய்து, ஆன்லைன் படிப்பில் சேர என்னென்ன சர்டிஃபிகேட் வேண்டும் என்று விசாரிப்பாள். சொல்வேன். வைத்துவிடுவாள். என் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் போய்விட்டாள் என்றும் சொல்ல மாட்டேன், இன்னும் சில நாள் வருகிறாள்.

நீங்களும் அரங்கனிடம் கேளுங்கள். படிப்போ வேலையோ உடம்போ, எதுவானாலும் கேளுங்கள். நிச்சயம் காது கொடுப்பார். ஆனால் நீங்கள் போய் உண்மையைச் சொல்ல வேண்டிய ஆள் யாராவது இருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே பஸ் ஏறிவிடுங்கள். கோமதி அப்பாவின் படத்திடம் நான் எவ்வளவு நேரம் சொன்னேன் தெரியுமா? படம் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை.