பெரட்டுக் களத்தில் ஒரு மூளை: சேரம்பாடிப் பக்கம் மூன்று நாள்

மூளை அறிவியலை மக்களிடம் கொண்டுபோகிறோம் என்று சொல்பவர்களை நான் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்ப்பேன். ஒரு கூட்டம், நாலு படம், கைதட்டல், அத்தோடு சரி. உமா என்னோடு கல்லூரியில் விலங்கியல் படித்தவள். இருபது வருடமாக ஆய்வகத்தில் நரம்பணுக்களோடு இருப்பவள். தேயிலைத் தோட்டங்களில் வலிப்பு நோயைப் பற்றிப் பேசப் போவதாகவும், கூட வரும்படியும் கேட்டாள். சென்ற செப்டம்பர் கடைசி வாரத்தில் போனேன். அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஊட்டியில் காலை 6.30 பேருந்து. கூடலூர் ஐம்பது கிலோமீட்டர்தான். நடுவட்டத்தில் மூடுபனி இறங்கியதால் வண்டி ஊர்ந்து, 8.50க்குச் சேர்ந்தது. உமா பேருந்து நிலையத்தில் காத்திருந்தாள். மடியில் ஒரு அட்டைப் பெட்டி, அதற்குள் பிளாஸ்டிக் மூளை. சேரம்பாடிப் பக்கம் இன்னும் 35 கிலோமீட்டர். ஜீப் வாடகை 1,500 ரூபாய். ஓட்டுநர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது ஒரிஜினலா, சேச்சி?"

"இல்ல, பிளாஸ்டிக்."

"அப்ப ஜெர்க் ஆனாலும் குழப்பமில்ல" என்று கியர் போட்டார். வழி நெடுக அவர் சொன்னதில் உருப்படியான விஷயம் ஒன்று: மாலை ஐந்துக்கு மேல் அந்தச் சாலையில் யானை நிற்கும், அதற்குள் திரும்பிவிட வேண்டும். பந்தலூரில் தங்கினோம். இரண்டு பேர் அறைக்கு 900 ரூபாய். வெந்நீர் காலை ஆறிலிருந்து ஏழு வரை மட்டும்.

மறுநாள் 7.30க்குத் தோட்டத்தில் இருந்தோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பத்தினர். காலையில் பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்தத் தேயிலைச் செடி வரிசை, அதாவது நிரை, என்று பிரித்துவிடும் இடத்தைப் பெரட்டுக் களம் என்கிறார்கள். அங்கேயே பேச எங்களுக்கு அரைமணி நேரம் கொடுத்திருந்தார்கள். நாற்பது பெண்கள் கூடையோடு நின்றார்கள். ஓரத்தில் சூப்பர்வைசர், கையில் நோட்டு.

உமா பிளாஸ்டிக் மூளையை எடுத்ததும் காமாட்சி என்ற பெண் முன்னால் வந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

"இம்புட்டுத்தானா? சார் தலைக்குள்ள வெச்சுப் பாருங்கம்மா, எடம் இருக்கான்னு."

"ஏன் காமாட்சி, காலையிலயேவா?" என்றார் சூப்பர்வைசர். எல்லோரும் சிரித்தார்கள்.

உமா நன்றாகப் பேசினாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. வலிப்பு பேயுமில்லை, சாபமுமில்லை. மூளையின் அணுக்கள் ஒரே நேரத்தில் தாறுமாறாகக் கிளம்புவதுதான் என்றாள். சாவிக்கொத்து வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம், பிடித்து அமுக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி. கொழுந்து கட்டும் படங்குச் சாக்கை விரித்து என்னையே படுக்கச் சொன்னாள். மூன்று பெண்கள் மாறி மாறி என்னைப் புரட்டிப் பழகினார்கள்.

கூட்டம் ஒட்டிக்கொண்ட சந்தோஷத்தில் உமா அடுத்ததைக் கேட்டாள்: "இங்க யாருக்காவது வந்திருக்கா? வெக்கப்பட ஒண்ணுமில்ல, கை தூக்குங்க."

ஒரே ஒரு கை உயர்ந்தது. சுமதி, முப்பது வயதிருக்கும். ஏழு வருடமாக மாத்திரை சாப்பிடுவதாகவும், கடைசியாக வந்து இரண்டு வருடம் ஆகிறது என்றும் சொன்னாள். பெண்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மூன்றாம் நாள் காலை, படம் போட்ட துண்டறிக்கைகளைக் கொடுக்க மறுபடி போனபோது பெயர் கூப்பிட்டு முடிந்திருந்தது. மற்றவர்கள் நிரைக்குக் கிளம்ப, சுமதி கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். அவள் பெயரைக் கூப்பிடவில்லை.

உமா சூப்பர்வைசரிடம் போனாள். அவர் குரலை உயர்த்தவில்லை.

"நேத்து வரைக்கும் எனக்குத் தெரியாது மேடம். நாப்பது பேரு முன்னால தெரிய வெச்சுட்டீங்க. இனி சரிவுல விழுந்தா மேனேஜர் தொரை என்னையத்தான் கேப்பாரு. சர்ட்டிபிகேட் வரட்டும்."

"நான் எழுதித் தர்றேன்."

"நீங்க டாக்டருங்களா?"

"டாக்டர்தான். ஆனா..." உமா நிறுத்தினாள். "வைத்தியம் பாக்கிற டாக்டர் இல்ல."

"அப்ப எப்படிங்க?"

இருபது வருடம் மூளையைப் படித்தவளின் கையெழுத்து அங்கே செல்லாது. நிரைக்குப் போன காமாட்சிதான் பாதியில் திரும்பி வந்தாள், பின்னால் இன்னொருத்தி.

"சார், அவள எங்க ரெண்டு பேருக்கு நடுவுல போடுங்க. விழுந்தா ஒருக்களிச்சுப் போடுவோம், அஞ்சு நிமிசம் பாப்போம், தாண்டுனா ஒங்க ஜீப்பு. நேத்து இந்தம்மாவப் பொரட்டிப் படிச்சோமே!" என்று என்னைக் காட்டினாள். "இவங்க கனத்தையே பொரட்டிட்டோம், சுமதி எம்மாத்திரம்?"

யாரும் சிரிக்கவில்லை. சூப்பர்வைசர் நோட்டைப் புரட்டினார்.

"முழுநாள் ஏலாது. கீழ்மலையில, மத்தியானம் வரைக்கும். அரைப் பேருதான் போடுவேன்."

அரைப் பேர் என்றால் அரை நாள் கூலி. சுமதி கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டிக்கொண்டாள். உமா அவளிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"கேட்டீங்க, தூக்கினேன். இதுக்கு முன்னாடி யாரும் கேக்கலீங்களே" என்றாள் சுமதி. கோபமாகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

நான் அன்று திரும்பிவிட்டேன். உமா அடுத்த இரண்டு தோட்டங்களை ரத்து செய்துவிட்டு அங்கேயே தங்கி, சுமதியைக் கூடலூர் அரசு மருத்துவமனைக்கும், அவர்கள் அனுப்பியபடி ஊட்டிக்கும் அழைத்துப் போனாள். வேலை செய்யலாம் என்ற சான்றிதழ் பதினோராம் நாள் கிடைத்தது. முழுப் பேர் திரும்பியது. மேல்மலைச் சரிவுக்கு மட்டும் அவளை இன்னும் அனுப்புவதில்லை.

போகிறவர்களுக்கு: வெளியூர் வண்டி என்றால் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் அட்டை ஏறும்; உப்பும் முழங்கால் வரை காலுறையும் வேண்டும். சில்லறை நோட்டுகளைக் கூடலூரிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். உமாவைப் போல் பேசப் போகிறவர்கள், கையெழுத்துப் போடக்கூடிய மருத்துவர் ஒருவரோடு போங்கள். வேலை கொடுப்பவர் பக்கத்தில் நிற்கும்போது யாரையும் கை தூக்கச் சொல்லாதீர்கள். நம்மை நம்பி அவர்கள் தூக்கிவிடுவார்கள்.