கத்திரி வெயிலுக்குக் காத்திருந்த ஹெப்சி

பம்மலில் எங்கள் தெருவில் போன வருஷம் வரைக்கும் ஹெப்சி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. "ஏசி வில்பிரட் பொண்டாட்டி" என்றால்தான் கையை நீட்டி வீட்டைக் காட்டுவார்கள். இப்போது பம்மல் முழுக்க அவளைத் தெரியும். அந்தப் பெயர் அவளுக்குச் சும்மா வரவில்லை. ஒருத்தனைக் கதறவிட்டுத்தான் வந்தது. அவன் கதறியதை நான் கண்ணால் பார்த்தேன், வயிறு குளிர்ந்தது. சர்ச்சில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற சாராள் டீச்சர் இப்படிப் பேசலாமா என்று கேட்பீர்கள். தாராளமாகக் கேளுங்கள். எனக்கொன்றும் வெட்கமில்லை.

ஹெப்சி கல்யாணத்துக்கு முன்னால் குரோம்பேட்டையில் ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் இருந்தாள். அங்கே ஏசி ரிப்பேர் பார்க்க வந்தவர்தான் வில்பிரட். கல்யாணமாகி வரும்போது தம்பி ஜேசனையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்தாள். அம்மா அப்பா இல்லை, அவனை எங்கே விடுவாள்? அவன் டிப்ளமோவில் அரியர் மேல் அரியராக வைத்துக்கொண்டு, தெருமுனையில் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான். வில்பிரட்தான் அவனை பைக்கில் பின்னால் உட்காரவைத்து வீடு வீடாகக் கூட்டிப்போய் தொழில் கற்றுக்கொடுத்தார். கேஸ் நிரப்புவதிலிருந்து காப்பர் பைப் ஒட்டுவது வரைக்கும் அவர் கொடுத்த வித்தை. அவர்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போக, போனில் ஆர்டர் எடுப்பது ஹெப்சி.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சர்வீஸ் முடித்துவிட்டுக் கிளம்பும்போது ஏசியின் ஓரத்தில் தன் நம்பர் போட்ட ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுத்தான் மெக்கானிக் இறங்குவான். அடுத்த கோடையில் ஏசி மக்கர் பண்ணினால் வீட்டுக்காரர்கள் டைரியைத் தேட மாட்டார்கள். நாற்காலியைப் போட்டு ஏறி ஸ்டிக்கரைப் பார்ப்பார்கள். யார் ஸ்டிக்கர் இருக்கிறதோ அவனுடைய வீடு அது. பம்மல், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் என்று ஏகப்பட்ட வீடுகளில் வில்பிரட்டின் நீல ஸ்டிக்கர்தான் இருந்தது.

பிறகு அவர் விழுந்தார். பெருங்களத்தூரில் புதிதாகக் கட்டிய அபார்ட்மெண்ட். வெளியிலிருந்து பார்க்க அரண்மனை மாதிரி கட்டிவைத்திருக்கிறார்கள். ஏசியின் அவுட்டோர் யூனிட்டை எங்கே வைப்பது, அதை மாட்டுகிற மனுஷன் எங்கே நிற்பது என்று ஒரு இஞ்சினியரும் யோசித்த மாதிரி தெரியவில்லை. இரண்டாவது மாடியில், ஒரு முழ அகல சன்ஷேடில் நின்றுதான் மாட்ட வேண்டும். இடுப்புக்குப் பெல்ட் எங்கே என்று வில்பிரட் கேட்டிருக்கிறார். எடுத்துவர வேண்டியவன் ஜேசன். மறந்துவிட்டான். "பத்து நிமிஷ வேலை மாமா, கம்பியைப் பிடிச்சுக்குங்க" என்றானாம். அவரும் நம்பி இறங்கினார், கால் வழுக்கியது. இடுப்பெலும்பு நொறுங்கிப்போனது. இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை போவார், அவ்வளவுதான்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே ஜேசன் கிளம்பிவிட்டான். "ஃப்ரீ செக்கப்" என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொரு வீடாக நுழைந்தான். நீல ஸ்டிக்கரைக் கிழித்துப்போட்டுவிட்டு, 'ஜேசன் கூல் கேர்' என்று மஞ்சளில் ஒன்றை ஒட்டினான். கூட இருந்தே குழி பறிப்பது என்பார்களே, அதை இவன் ஏணி போட்டுப் பறித்தான். அதோடு விட்டானா? "வில்பிரட் ஏன் வரலை?" என்று கேட்டவர்களிடமெல்லாம் குரலைத் தாழ்த்தி, "மாமா குடிச்சுட்டு ஏறிட்டாரு சார், என்னத்த சொல்றது" என்று சொல்லிவைத்தான். கிறிஸ்மஸ் கேக்கில் ரம் வாசனை அடித்தால் தட்டைத் தள்ளிவைக்கிற மனுஷனைப் பற்றி!

ஹெப்சிக்கு இது தெரிந்தது ரமா மாமி மூலமாகத்தான். குரோம்பேட்டையில் வில்பிரட்டின் பழைய வாடிக்கையாளர் யக்ஞநாராயணன் சார் வீட்டுக்குப் போன் போட்டு, வேறு ஆளை அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறாள். அவருடைய மனைவி ரமா மாமி இழுத்து இழுத்து, "தப்பா நெனச்சுக்காதேம்மா. குடிக்கிறவா சம்பந்தப்பட்ட இடமே வேண்டாம்னுட்டார் இவர்" என்றாளாம். ஹெப்சி போனை வைத்துவிட்டு நேரே பக்கத்து வீடான என் வீட்டுச் சமையலறைக்கு வந்து நின்றாள். அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை.

"டீச்சர், இது அவர் காதுக்குப் போகக் கூடாது. அந்த மனுஷன் உயிரை விட்டுடுவாரு."

"உன் தம்பியை நடுத்தெருவுல நிக்கவச்சு நாலு அறை விடு. நானும் வர்றேன்."

"அறைஞ்சா என்ன ஆகும்? அக்காவுக்குப் பொறாமைன்னு அதையும் ஒரு கதையா சொல்லுவான். எந்த வாய் அவரைக் குடிகாரன்னு சொல்லிச்சோ, அதே வாய் இல்லைன்னு சொல்லணும். எங்கெங்க சொல்லிச்சோ அங்கங்க சொல்லணும். அதுவரைக்கும் எனக்குத் தூக்கம் இல்லை."

அந்த நிமிஷத்தில் அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இவள் விடமாட்டாள் என்று தெரிந்தது. வில்பிரட் பாவம், "யாருமே போன் பண்றதில்லையே, மறந்துட்டாங்களா?" என்று படுக்கையில் கிடந்தபடி கேட்பார். "ஜேசனாவது பிழைச்சுப் போகட்டும்டீ, சின்னப் பையன்" என்பார். கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வழி மழையில் கிடைத்தது. ஏசிக்காரர்களுக்கு ஐப்பசி பிறந்தால் பட்டினிக் காலம். மழை பெய்கிற ஊரில் எவன் ஏசி போடுவான்? ஜேசன் தன் ஆட்களைக் கூப்பிட்டு, மாசி மாதம் வந்தால் போதும், அதுவரை சம்பளம் கிடையாது என்று அனுப்பிவிட்டான். அதில் ஒருத்தன் ஹர்ஷா, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், வேலையில் கெட்டிக்காரன். வில்பிரட்டைப் பார்க்க வந்தவன் ஹெப்சியிடம் புலம்பினான்.

"இன்னாக்கா பண்றது? வூட்ல ரெண்டு புள்ளைங்க கீது. சோறு டெலிவரி பண்ணப் போலாம்னு கீறேன். தண்ணில வண்டி ஓட்டினு போறது ஒரே பேஜாரு."

"நீ எங்கேயும் போக வேணாம். கீசர் வேலை தெரியுமா?"

"கீசரா? அதெல்லாம் ஏசிக்காரன் தொட மாட்டான்கா. கெத்து போயிடும்."

"கெத்தை வச்சு பால் வாங்க முடியுமா?"

எங்கள் பக்கத்துத் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போர் தண்ணீரில் வாய் கொப்பளித்தாலே உப்புக் கரிக்கும். கீசருக்குள் இருக்கிற காயிலில் அந்த உப்பு சுண்ணாம்பு மாதிரி படிந்து, மழைக்காலத்தில் சூடு வர வேண்டிய நேரத்தில் அது செத்துப்போகும். வந்து பார்க்க ஆள் கிடைக்காது. ஹெப்சி கழுத்துச் செயினை பேங்கில் அடகு வைத்தாள். ஜேசன் விரட்டிய ஆட்கள் அத்தனை பேரையும் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டாள். மழையிலும் மாதச் சம்பளம், விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு இன்சூரன்ஸ், ஆளுக்கொரு பெல்ட். பெல்ட் போடாமல் ஏறினால் அன்றோடு வேலை காலி. தானும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஹர்ஷாவோடு வீடு வீடாகப் போனாள். மார்கழிக்குள் எங்கள் பக்கத்தில் அவள் கைபடாத கீசர் குறைவு.

மாசியில் ஜேசன் ஆட்களைக் கூப்பிட்டான். அவள் சொல்லிக்கொடுத்தபடி, "இதோ வந்துட்டேண்ணா, ஊர்ல கோயில் கொடை, அடுத்த வாரம்" என்று எல்லாரும் வாரா வாரம் தண்ணி காட்டினார்கள். கீசர் வேலையை ஏறெடுத்தும் பார்க்காதவன், அவனும் நம்பினான். அந்தத் தெம்பில் பெருங்களத்தூர் அபார்ட்மெண்ட் முழுவதற்கும் வருஷக் கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டுவிட்டான். ஆட்களை இவள் இழுத்துக்கொண்டது வில்பிரட்டுக்குத் தெரிந்தபோது, "அவன் உன் தம்பிடீ" என்று கெஞ்சினார். "தம்பிங்கிறதாலதான் வெயில் வரைக்கும் விட்டு வச்சிருக்கேன்" என்றாள் ஹெப்சி.

கத்திரி பிறந்தது. இந்த வருஷ வெயில் எப்படி என்று எல்லாருக்கும் தெரியும். ஜி.எஸ்.டி. ரோட்டில் மத்தியானம் நாய்கூட நடக்கவில்லை. எல்லா வீட்டு ஏசியும் ஒரே நேரத்தில் மக்கர் பண்ண, ஜனங்கள் நாற்காலி போட்டு ஏறி மஞ்சள் ஸ்டிக்கரைப் பார்த்தார்கள். ஜேசன் போன் ஓயாமல் அடித்தது. அனுப்ப ஒரு ஆள் இல்லை! ஊரெல்லாம் ஸ்டிக்கர் இருக்கிறது, ஸ்குரூ முடுக்கக் கை இல்லை. புது ஆள் தேடி அலைந்தான். இந்த சீசனில் வேலை தெரிந்தவன் எவன் சும்மா இருப்பான்? அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் அவனை ஃபிராடு, திருடன் என்று கிழித்தார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு அப்படியொரு ஆனந்தம். ஜெபத்தில் அவனுக்காக ஒரு வார்த்தை சொல்ல நினைத்தேன், நாக்கு எழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து நான் கேட்டைத் திறக்கும்போது அவன் ஹெப்சி வீட்டு வாசலில் நின்றான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, மூஞ்சியில் ஈயாடவில்லை. ஹெப்சி படியிலேயே மறித்து நின்றாள்.

"அக்கா, நாலு பேரை மட்டும் அனுப்புக்கா. திங்கக்கிழமைக்குள்ள முடிக்கலைன்னா கான்ட்ராக்ட் கேன்சல்னுட்டாங்க. இதுல போச்சுன்னா இந்தப் பக்கத்துல எவனும் என்னை வீட்டுக்குள்ள விட மாட்டான்."

"வீட்டுக்குள்ள விட மாட்டாங்கன்னா எப்படி இருக்கும்னு தெரியுதா?"

அவன் தலை குனிந்தான். பிறகு மடமடவென்று பேசினான். "தப்புதான்கா. மாமா கால்ல விழுறேன். இப்பவே விழுறேன். வழி விடு."

"கால்ல விழுறது சுலபம்டா. அவரும் உடனே எழுப்பி உட்கார வச்சு உனக்கு டீ போடச் சொல்லுவாரு. வீட்டுக்குள்ள நடக்கிறது ஊருக்குத் தெரியுமா? நீ ஊர்ல போய்ச் சொன்னே. ஊர்ல போய்ச் சொல்லு. உன் ஸ்டிக்கர் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் வா. உன் கையாலயே அதைக் கிழி. என்ன நடந்துச்சுன்னு அவங்க மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு. அந்த வீட்டுக்கு நான் ஆள் அனுப்புறேன், பெருங்களத்தூருக்கும் அனுப்புறேன்."

"அக்கா... மானம் போயிடும்கா."

"போகட்டும்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "டீச்சர், சாட்சிக்கு வர்றீங்களா?" என்றாள். பைபிளைக்கூட உள்ளே வைக்காமல் அவள் ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

முதலில் போனது குரோம்பேட்டைக்கு, யக்ஞநாராயணன் சார் வீட்டுக்கு. ஹாலில் அவரும் மாமியும் விசிறியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஜேசனைப் பார்த்ததும் சார் கத்த ஆரம்பித்தார். அவன் ஸ்டூலில் ஏறினான். நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டினான். அது லேசில் வரவில்லை, துண்டு துண்டாகக் கிழிந்து அவன் சட்டையிலேயே ஒட்டிக்கொண்டது. இறங்கி நின்றான். ஹெப்சியைப் பார்த்தான். அவள் கண்ணைக்கூட அசைக்கவில்லை.

"சார்... மாமா அன்னைக்குக் குடிக்கலை. அவர் எப்பவுமே குடிச்சதில்லை. பெல்ட் எங்கடான்னு கேட்டாரு. நான்தான் எடுத்துட்டு வரலை. பத்து நிமிஷ வேலைன்னு நான்தான் அவரை இறக்கிவிட்டேன். அப்புறம் குடிச்சாருன்னு உங்ககிட்ட வந்து பொய் சொன்னேன்."

ரமா மாமி விசிறியைக் கீழே வைத்துவிட்டாள். யக்ஞநாராயணன் சார் எழுந்து நின்று, "அடப்பாவி, நானும் அதை நாலு பேர்ட்ட சொல்லிண்டு திரிஞ்சேனேடா" என்றார்.

"அந்த நாலு பேர் வீட்டு அட்ரஸும் சொல்லுங்க சார், அங்கேயும் இவன் வருவான்" என்றாள் ஹெப்சி.

மாடிப்படி இறங்கும்போது ஜேசன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து விக்கி விக்கி அழுதான். வளர்ந்த ஆம்பளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அக்கா தோளில் சாய்த்துக்கொள்வாள் என்று நினைத்தானோ என்னவோ, அவள் பக்கம் நகர்ந்தான்.

"போதுமாக்கா?"

ஹெப்சி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். "இது ஒரு வீடுதான்டா. இன்னும் ஊர் முழுக்க இருக்கு. வண்டியை எடு."