மேல்மாடித் துவக்கின் பளபளப்பு

நான் வேலை செய்யும் வீட்டு முதலாளி சிஞ்ஞோரேயும் மேல்மாடி டொக்டரும் போர்கோ வெக்கியோ கடைத்தெருவில் ஒரே கடையில் ஒரே மாதிரி ரிவால்வர் வாங்கினார்கள். கருமருந்து போட்டுச் சுடும் பழங்கால மாதிரியில் புதிதாகச் செய்தது.

டொக்டர் வீட்டில் வேலை செய்பவன் மன்னார் மரியூஸ். ஞாயிறு பூசை முடிய எல்லார் முன்னாலும், "நான் மினுக்கின மினுக்கில டொக்டற்ரை துவக்கில முகம் பாக்கலாம்" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று சிஞ்ஞோரே வெளியே போனதும் எங்கள் ரிவால்வரை எடுத்து, பித்தளை மினுக்கும் பசையால் குழலின் உள்பக்கம் வரை தேய்த்தேன்.

இன்று காலை சிஞ்ஞோரே கூப்பிட்டார். "இதின்ரை உருளை சரியாச் சுத்துதில்லை. திருப்பிக் குடுக்கப் போறன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வா."

கடைக்காரர் குழலுக்குள் சின்னவிரலை விட்டு எடுத்தார். விரல் கறுப்பு.

"சுட்ட துவக்கை நாங்கள் திருப்பி எடுக்கிறேல்லை."

"ஒருக்காலும் சுடேல்லை!" என்று கத்திய சிஞ்ஞோரே, மெதுவாக என் நகங்களைப் பார்த்தார். அவையும் அதே பசைக் கறுப்பு.

கடைக்காரர் விடவில்லை. "உங்கட மேல்மாடி டொக்டற்ரையிலும் இதே பிழைதான். அவர் தொடாமல் அப்பிடியே கொண்டு வந்தவர். சனிக்கிழமை புதுசு மாத்திக் குடுத்தனான்."

அப்படியென்றால் மரியூஸ் ஞாயிறு பெருமையடித்தது, முதல்நாள்தான் பெட்டி பிரித்த, அவன் மினுக்கவே மினுக்காத புதுத் துவக்கைப் பற்றி!

திரும்பி வந்தால் லிப்டில் அவனே நிற்கிறான். "என்ன மச்சான், முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

பெட்டியை நெஞ்சோடு அணைத்து நகங்களை மறைத்தேன். அவனுக்குச் சொல்ல நல்ல பதில் தோன்றுகிறவர்கள் இன்றைக்கே எழுதுங்கள். நாளைக்கும் அதே லிப்டில்தான் ஏறவேண்டும்.