அக்கா அழுத்தி வரைந்த கோடு

பள்ளிச் சீருடைத் தையலில் மிஞ்சிய கருநீலத் துணித்துண்டு ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. புதியம்புத்தூர் தையல் கூடத்தின் மேற்பார்வை அக்கா, துணியில் குறிபோடும் வெள்ளைக் கட்டியால் அதில் கட்டங்கள் வரைந்து தந்தார். அங்கே ஒருவர் விடுப்புக் கேட்டால் அது யாரிடமிருந்து யாருக்குப் போக வேண்டும் என்பதைக் கணினியில் அமைத்துத் தர, கோவில்பட்டியிலுள்ள எங்கள் அலுவலகம் என்னை அனுப்பியிருந்தது. ஒரு நாள் என்றால் அக்காவே அனுமதிக்கலாம். அதற்கு மேல் என்றால் மானேஜர். மானேஜர் ஊரில் இல்லாவிட்டால் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அக்காதான் மானேஜர் கட்டத்திலிருந்து தன் கட்டத்துக்கு ஒரு கோட்டை இரண்டு முறை அழுத்தி இழுத்தார். "புள்ளைக்கு முடியலன்னு ஒருத்தி அழுதுக்கிட்டு நிப்பா. அவிய வாரவரைக்கும் மெஷின்ல உக்காருன்னா சொல்ல முடியும்? நான் போகச் சொல்லிருவேன். இதை விட்டுராத, ஏட்டி."

விட்டுவிட்டேன். "ஆளாளுக்கு லீவு குடுத்தா மானேஜர் எதுக்கும்மா? அந்தக் கோட்டை எடுத்துரு" என்றார் தையல் கூட முதலாளி. எடுத்தால் விண்ணப்பம் அப்படியே நின்றுவிடுமே என்பது தொண்டைவரை வந்தது. வாடிக்கையாளரிடம் எதிர்த்துப் பேசாதே என்று அலுவலகத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்; தலையாட்டினேன். அவர் கேட்ட இன்னொரு நிபந்தனையையும் சேர்த்தேன்: அனுமதியில்லாமல் மூன்று நாள் வராதவரின் பெயர் வேலையாட்கள் பட்டியலிலிருந்து தானாக நீங்கிவிடும்.

அடுத்த மழைக்காலத்தில் அக்காவின் மகள் காய்ச்சலில் விழுந்தாள். கைப்பேசியில் மூன்று நாள் விடுப்புக் கேட்டுவிட்டு அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தார். கல்யாணத்துக்கு வெளியூர் போன மானேஜர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. நான்காம் நாள் வேலைக்குத் திரும்பியபோது, வாசலில் இருந்த வருகைப் பதிவுக் கருவி அக்காவின் விரலை ஏற்கவில்லை. நான் அமைத்த ஒரு வழி முட்டி நின்றது. மற்றொன்று பிசகாமல் வேலை செய்தது. "பேரை எடுத்தது மெஷினு, நான் என்ன செய்ய?" என்றாராம் முதலாளி. அக்கா என்னிடம் போனில் ஒன்றுதான் கேட்டார்: "எங்கன போவணும்னு அன்னைக்கே கோடு போட்டுக் குடுத்தேனே, ஏட்டி?"

இப்போது எனக்கு எட்டு மாதக் குழந்தை. அவள் நெற்றி லேசாகச் சுட்டாலே, என் மேலதிகாரி ஊரில் இருக்கிறாரா என்றுதான் முதலில் விசாரிக்கிறேன். சொல்லியிருந்தாலும் முதலாளி கேட்டிருக்க மாட்டார் என்று ஒரு நாள் சமாதானம் வரும். நீ சொல்லவேயில்லையே என்று மறுநாள் அது போய்விடும். மடித்து மடித்து வைத்ததில் துணியிலிருந்த கட்டங்கள் எல்லாம் உதிர்ந்துவிட்டன. அக்கா இரண்டு முறை அழுத்திய கோடு மட்டும் போகவில்லை.