நெற்றியில் பட்ட ஈட்டி

அந்தத் தீவில் அவரை எல்லோரும் ‘மூச்சு’ என்றுதான் கூப்பிடுவார்கள். சிலிண்டர் இல்லாமலே மூன்று நிமிஷம் தண்ணீருக்கு அடியில் இருப்பார். பதினோரு வருஷத்துக்கு முன்னால், வடக்குப் பவளத்திட்டில் இனி யாரும் மீன் பிடிக்கக் கூடாது என்று ஊர் கூடி முடிவெடுத்தபோது முதலில் கை தூக்கியவர் அவர்தான். வலையை விற்றுவிட்டு, சுற்றுலா வரும் விருந்தாளிகளைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்க் காட்டும் வழிகாட்டி ஆனார்.

திட்டில் ஆள் நீளத்துக்கு ஒரு களவா மீன் இருந்தது. விருந்தாளி எடுத்த போட்டோவைப் பார்த்து அதற்கு ‘பெரியப்பா’ என்று பெயர் வைத்தவள் மூச்சுவின் மனைவி. “அப்படியே உங்க அண்ணன் மூஞ்சி. உதட்டத் தொங்கப் போட்டுக்கிட்டு, ஓசில கெடைச்சாத்தான் எட்டிப் பாக்கும்.”

பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று விருந்தாளிகள் ஆசைப்பட்டதால், மூச்சு ஒருநாள் அவித்த முட்டையை நீட்டினார். அதுவே வழக்கமாகிவிட்டது. அவர் இடுப்புப் பையில் கையை விட்டாலே போதும், பெரியப்பா பொந்திலிருந்து வந்து முகத்துக்கு நேராக நிற்கும்.

போன செவ்வாய்க்கிழமை விடிகாலையில், காவல் படகைக் கண்டதும் வெளியூர்ப் படகு ஒன்று ஈட்டிக் கயிற்றை அறுத்துவிட்டு ஓடியது. ஈட்டியோடு மிதந்த பெரியப்பாவைக் கரைக்கு இழுத்து வந்தவன் திட்டுக் காவலாளி, மூச்சுவின் மனைவியின் தம்பி.

“காவல் காத்த லட்சணமா இது? குறட்டை விட்டியா?” ஊர்ச் சங்கத் தலைவர் அவன்மேல் பாய்ந்தார்.

மூச்சு குனிந்து பார்த்தார். ஈட்டி நெற்றி நடுவில் இறங்கியிருந்தது. ஓடுகிற மீனுக்கு விலாவில்தான் படும். இது ஓடவில்லை. முட்டை தருவார்கள் என்று எதிரே போய் நின்றிருக்கிறது.

“அவனை விடுங்க தலைவரே. கொன்னது நான்தான்.”

“சும்மா இருங்க மாமா,” என்றான் காவலாளி.

ஈட்டி இறங்கிய இடத்தைப் பார்த்து விஷயம் புரிந்ததும் தலைவரின் குரல் இறங்கிவிட்டது. “எல்லாருந்தானேப்பா குடுத்தோம். என் மருமக ரொட்டி போடுவா.”

திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது மூச்சுவுக்கு.

மறுநாள் மனைவி பழக்கதோஷத்தில் முட்டையை அடுப்பில் வைத்துவிட்டு, சட்டென்று தீயை அணைத்தாள். அவர் மூங்கில் குச்சியோடு கிளம்பினார்.

“இது எதுக்கு?”

“அந்தப் படகு திரும்ப வரும். மிச்சமிருக்கறதுங்களுக்காவது மனுசன்னா பயப்படணும்னு காட்டணும்.”

“ஏழெட்டு வருசம் ஊட்டினதை ஒரு குச்சியால மறக்கடிச்சிருவீங்களா?”

அவர் சிலிண்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு படகுக்கு நடந்தார்.

கீழே இறங்கியதுமே மீன்கள் சூழ்ந்துகொண்டன. குச்சியை வீசினார். சிதறி, திரும்ப வந்தன. முட்டை வரப்போகிறது என்று நினைத்தனவோ என்னவோ. பெரியப்பாவின் பொந்திலிருந்து ஒரு இளங்களவா மெதுவாக வெளியே வந்தது. அதன் மூக்கில் ஓங்கிக் குத்தினார். ஒரு முழம் பின்னால் போயிற்று. சிலிண்டரில் காற்று குறைந்துகொண்டிருந்தது. மறுபடியும் குத்தினார்.

அது வாயைத் திறந்து மூடிக்கொண்டு, திரும்பவும் அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றது.